என் பேரில் ஒரு விருந்து

ஜூலை 22, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. ஆகஸ்ட் 20ஆம் தேதி காலை எட்டு மணிக்குள் பெங்களூருப் பயிற்சி மையத்தில் இருக்க வேண்டும். இராணுவக் காவல் படை, நான்கு வருடப் பணி. செங்கோலன்விடுதியிலிருந்து பட்டாளத்துக்குப் போகும் முதல் பெண் நான்தான் என்று தபால்காரரே சொல்லிவிட்டுப் போனார்.

கூடவே இரண்டு பக்கப் பட்டியல். மதிப்பெண் சான்று, ஆதார், பான் அட்டை, என் பெயரில் வங்கிக் கணக்கு, வாரிசுதாரர் விவரம், கறுப்பு ஷூ ஒரு ஜோடி, பூட்டோடு ஒரு டிரங்குப் பெட்டி. பூட்டு வரைக்கும் எழுதியிருக்கிறார்கள், நல்ல மனுஷர்கள்.

நான் முழுசாகப் படிப்பதற்குள் அப்பா கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் என் சம்பளம் மொத்தமும் செலவாகிவிட்டது. மாதம் முப்பதாயிரம், பிடித்தம் போகக் கைக்கு இருபத்தோராயிரம். அதில் அண்ணன் தினகரன் குட்டியானை வண்டி வாங்கித் தவணை கட்டப் போகிறானாம். அப்பா போர்வெல்லுக்குப் புது மோட்டார் இறக்கப் போகிறாராம். எதிர்வீட்டுக்காரர்கூட மூன்றாம் மாதத்துக்கு ஒரு கைமாற்றுச் சொல்லி வைத்துவிட்டார்.

நீ என்ன செய்யப் போகிறாய் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். ஓட்டப் பயிற்சிக் கட்டணத்துக்காக அம்மா அடகு வைத்த தோட்டை மீட்க வேண்டும். பிடித்தம் செய்யும் பணம் நான்கு வருடம் கழித்து மொத்தமாக வரும்போது, அதை வைத்து உடற்கல்வி ஆசிரியர் படிப்பு படிக்க வேண்டும். என் திட்டம் இவ்வளவுதான். இதில் குட்டியானை கிடையாது.

ஜூலை 24, புதன்

மொய் விருந்து வைக்கப் போகிறோமாம். அதுவும் என் பேரில்!

பெங்களூரில் எவளாவது மொய் விருந்து என்றால் என்னவென்று கேட்டால் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து எதுவும் தேவையில்லை. ஆடியிலோ ஆவணியிலோ எட்டுப் பத்து வீட்டார் சேர்ந்து மண்டபம் பிடித்து, ஆடு அறுத்து, சுற்று வட்டாரத்தையே கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். வருகிறவர்கள் ஒவ்வொரு வீட்டு மேசையிலும் உறவுக்குத் தக்கபடி மொய் எழுதுவார்கள். ஒரே நாளில் லட்சக்கணக்கில் சேர்ந்துவிடும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. ஆனால் அத்தனையும் கடன். அவர்கள் விருந்து வைக்கும்போது, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். அந்த மேல்காசுதான் உறவு தொடர்கிறது என்பதற்கு அடையாளம். வாங்கியதை மட்டும் கணக்காகக் கொடுத்தால் இத்தோடு நம் உறவு முடிந்தது என்று அர்த்தம். கொடுக்கவே இல்லையென்றால் வெளியே தலைகாட்ட முடியாது.

வீட்டுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு விருந்து. வீட்டு ஆண்பிள்ளை பேரில்தான் வைப்பார்கள். பெண் பேரில் வைத்து நான் கேள்விப்பட்டதே இல்லை. நாளைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டால் அவளைத் தேடிப்போய் யார் மொய் கேட்பது?

"ஏம்ப்பா என் பேருல?" என்றேன்.

"வச்சா என்ன? நீ ஆம்பளப் புள்ளைக்கு எதுல கொறஞ்ச? பொம்பளப் புள்ள பேருல விருந்து வச்ச மொத ஆளு கோவிந்தராசுதான்னு இந்த ஜில்லாவே சொல்லட்டும் பாப்பா."

பொய் சொல்லக் கூடாது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெற்ற பெண்ணுக்கு ஒரு பெருமை வந்தால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

ஜூலை 28, ஞாயிறு

பத்திரிகை அச்சடித்து வந்துவிட்டது. ஒன்பது வீட்டார். எட்டு ஆண் பெயர்கள், ஒன்பதாவதாக 'கோ. சிவரஞ்சனி (இராணுவம்)'. பக்கத்தில் என் படம். இன்னும் ரயிலே ஏறவில்லை, அதற்குள் இராணுவம்.

பத்துத் தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன். பெங்களூரில் காட்டலாம் என்று ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 31, புதன்

ஏடிஎம் அட்டை வந்தது. உறையைப் பிரிக்கும்போதே அண்ணன் பின்னால் நின்றான்.

"நம்பர் என்ன வைக்கப் போற?"

"ஒனக்கு எதுக்கு?"

"கார்டு இங்கதான இருக்கப்போவுது. நம்பர் தெரியாம என்னத்த பண்றது?"

இங்கே இருக்கப்போகிறது என்று யார் சொன்னது என்று கேட்டால் அப்பா பதில் சொல்கிறார். "அங்க சோறு சும்மா, துணி சும்மா, தங்குறது சும்மா. ஒனக்கு என்ன பாப்பா செலவு இருக்கு?"

சோப்பு, நாப்கின், தலைக்கு எண்ணெய், போனுக்கு ரீசார்ஜ் எல்லாவற்றையும் ஆகாயத்திலிருந்து போடுவார்களா? என் கால் ஓடியது, என் உடம்பு உயரம் தாண்டியது, என் கை பரீட்சை எழுதியது. சம்பளத்துக்கு மட்டும் இவர்கள் கையா? அட்டை என்னோடுதான் வரும் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். பசித்தால் வருவான்.

ஆகஸ்ட் 3, சனி

டிரங்குப் பெட்டி வாங்கியாயிற்று. ஆறு கிலோமீட்டர் ஓடினேன். மாட்டுக்குத் தீவனம் கரைத்தேன். ரேஷன் கடைக்கும் நானே போனேன். அம்மா போகமாட்டாள், கூட்டம் என்றால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். சித்தி மகள் வளைகாப்புக்கும் தலைவலி. கஜா புயலில் எங்கள் தென்னை இருநூற்றுப் பத்தும் சாய்ந்ததிலிருந்து ஆறு வருடமாக அவளுக்குத் தலைவலிதான். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் தையல்நாயகி அத்தை நின்றது. கீழத்தெருவில் பெரிய கை. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனுஷி, இன்றைக்கு வாயெல்லாம் பல்லாக, "வா மருமவளே, சம்பளக்காரி" என்றது. தன் இடத்தையே எனக்கு விட்டுக்கொடுத்தது. பட்டாளத்துக்கு என்ன மரியாதை பார்!

ஆகஸ்ட் 8, வியாழன்

காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை கும்பிட்டுக் கும்பிட்டு இரண்டு தோளும் இற்றுவிட்டன. ஆனாலும் இன்றைக்கு எழுதாமல் என்றைக்கு எழுதுவது?

மண்டபத்தில் ஒன்பது மேசை. மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு நோட்டு எண்ணும் மெஷின். எங்கள் மேசையில் பர்வீன். பிளஸ் டூ வரை என்னோடு படித்தவள், இந்த மெஷின்களை வாடகைக்கு விடும் சென்டரில் வேலை செய்கிறாள். பெயர், ஊர், தொகை சொல்லச் சொல்ல அடித்து ரசீது கிழித்துக்கொடுத்தாள். ஒலிபெருக்கியில் ஒருவர், சாப்பிட்டவர்கள் மொய் எழுதலாம், மொய் எழுதியவர்கள் சாப்பிடலாம் என்று தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஐநூறு கிலோ கறி என்றார்கள்.

நான் புது நீலச் சேலையில் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். வந்த ஆண்பிள்ளைகள் எனக்குக் கும்பிடு போட்டார்கள். எனக்கு! "பேங்குல போடுறதவிட இந்தப் புள்ளகிட்ட போடுறது பத்திரம்ப்பா, கவர்மெண்டு சம்பளம், ஓடியா போயிடும்?" என்று ஒருவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா பர்வீன் பின்னாலேயே நின்றார். சில பேர் உறையை மேசையில் வைக்காமல் நேராக அவர் கையில் கொடுத்தார்கள். அவர் பர்வீன் காதில் தொகையைச் சொல்வார், அவள் அடிப்பாள். நெருங்கின சொந்தம் போலிருக்கிறது. தையல்நாயகி அத்தையும் அப்படித்தான் கொடுத்தது. கொடுத்துவிட்டு என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தது.

மொத்தம் ஒன்பது லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு. திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் அப்பா உட்கார்ந்துவிட்டார். எங்கள் பங்குச் செலவு எழுபதாயிரத்தை அங்கேயே ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மண்டபத்துக்கே வந்திருந்த வங்கிக்காரர்களிடம் என் கணக்கில் கட்டினோம். அப்பா கணக்கில் போட்டால் பழைய பயிர்க்கடனுக்குப் பிடித்துக்கொள்வார்களாம். அப்பா மடித்து நீட்டிய சீட்டில், அவர் விரல் வைத்த இடத்தில் நான் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. வரவு நான்கு லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூறு.

எழுபதாயிரம் செலவைக் கூட்டினாலும் ஐந்து லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூறுதான் வருகிறது. நான்கு லட்சத்து முப்பத்தோராயிரத்தைக் காணோம்!

நேரே பேராவூரணிக்குப் பஸ் ஏறி பர்வீனின் சென்டருக்குப் போனேன். வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டுவிட்டேன். கூடப் படித்தவள் என்றுகூடப் பார்க்கவில்லை. மெஷினில் கோளாறா, இல்லை உன் கையில் கோளாறா என்று கேட்டேன். அவள் மொத்தப் பட்டியலையும் அச்செடுத்து நீட்டினாள். சில பெயர்களுக்கு நேரே சின்னதாக ஒரு நட்சத்திரம்.

"இதெல்லாம் ரொக்கம் வராத பேருடி. வரவு வந்ததா அடிச்சுக்கம்மா, பழைய பாக்கிய இதுல மாத்துறோம்னு உங்க அப்பாதான் சொன்னாரு. உறையில நூத்தியொரு ரூவாகூட இல்ல, வெறும் உறை. ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீ சிரிச்சுக்கிட்டுத்தான நின்ன?"

ஆமாம். நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

ஆகஸ்ட் 10, சனி

அறுபத்தொரு நட்சத்திரம். எண்ணிவிட்டேன். இன்றைக்கு ஓடப் போகவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா பேரில் ஒரு விருந்து வைத்தோம். அந்தப் பணம் போர்வெல் போட்டதிலும் உரத்திலும் போனது. நான்காவது மாதம் புயல் வந்து தென்னை மொத்தமும் போனது. அதற்கப்புறம் பாதிக் கொல்லையை விற்று மொய் பாக்கியெல்லாம் அடைத்துவிட்டதாக அப்பா சொன்னார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கும் அண்ணியைப் போனில் கேட்டேன், கொல்லையை விற்ற பணம் அவர்கள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. அறுபத்தொரு பேருக்கு ஆறு வருடமாக ஒரு ரூபாய் திருப்பவில்லை. அப்பா பேரில் விருந்து வைத்தால் ஒரு ஆள் வரமாட்டான். அண்ணன் பேரிலும் வரமாட்டான். அதனால்தான் ஆம்பளப் பிள்ளைக்கு நான் குறைந்தவள் இல்லை!

பட்டியலை எடுத்துப்போய் அப்பா முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, தெரிந்த பட்டியல்தானே.

"ஏம்ப்பா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"பின்ன?"

பின்ன என்கிறார்! எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை!

"அவனுவ எல்லாம் விருந்து வைக்கிறப்ப ஒவ்வொருத்தனா எழுதிட்டுப் போறோம். நாலு வருசச் சம்பளம் ஒனக்கு எதுக்கு? நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சிக் குடுக்கப்போறோம். பெத்தவனுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?" என்றார். பிறகு, ஏதோ கடைக்குப் போகச் சொல்வதுபோல, "நாளைக்கு பேங்குக்குப் போயி அந்த நாலரையை எடுத்தா. தினகரன் வண்டிக்கு முன்பணம் கட்டணும்" என்றார்.

அண்ணன் வாசலில் நின்று கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

எடுக்க முடியாது என்றேன். என் கையெழுத்து இல்லாமல் அந்தக் கணக்கிலிருந்து ஒரு பைசா நகராது என்றேன். என் குரல் எதிர்வீடு வரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் அம்மா மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, பச்சைச் சேலை கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். மேலத்தெருவில் வளைகாப்பாம். அந்த வீட்டுக்காரரும் அந்த அறுபத்தொரு பேரில் ஒருவர்தான், வரிசை எண் 212. வீடே தீப்பற்றி எரிகிறது, இவளுக்குப் பூ!

"ஒனக்கும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்த?"

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பொதுவாக நான் கத்தினால் அவள் பேசமாட்டாள். இன்றைக்குப் பேசினாள்.

"புயலடிச்சு ஒரு வருசங்கூட ஆவல, ரேசன் கடையில நிக்கிறேன். தையல்நாயகி எல்லாரும் கேக்க, 'மொய்யத் திருப்பிக் குடுக்க வக்கில்ல, ஓசி அரிசிக்கு மட்டும் மொத ஆளா நிக்கிறா'ன்னுச்சு. பைய மடிச்சிக்கிட்டு வந்துட்டேன். வாங்குனது நானா? எம்பேருல ஒரு ரூவா எழுதிருக்கா? விருந்து வச்சது உங்கப்பா, செலவழிச்சது உங்கப்பா. வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டது நான். ஆறு வருசம்டி. எந்தங்கச்சி பொண்ணுக்குக் கையில ஒரு வளையல் போட முடியல. ஒருநாளாச்சும் நிமுந்து நடந்து போவோம்னு ஆசையா இருந்துச்சு. தப்புதான். ஒன்ன வித்து நடந்தது தப்புதான்."

பூவை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். வளைகாப்புக்குப் போகவில்லை.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அப்பாமேல் படுவது சுலபமாக இருக்கிறது, அதையே செய்கிறேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன். போட்டுக்கொண்டே கணக்குப் பார்த்தேன்.

ரொக்கமாக எழுதியவர்களின் பணம் உண்மையான பணம். என்னை நம்பித் தந்தார்கள், என் பேரில் ரசீது வாங்கினார்கள். அது கடன் என்று தெரியாமலா நின்றேன்? அந்த ஐந்து லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூறு என் கடன். அதை நான் சம்பளத்திலிருந்து திருப்புவேன்.

நட்சத்திரம் போட்ட நான்கு லட்சத்து முப்பத்தோராயிரம் என் கடன் இல்லை. விருந்து வைத்த ஒன்பது வீட்டாரையும் கூட்டி வைத்துக் கணக்கிலிருந்து அடித்துவிடச் சொல்லலாம். சொன்னால் அடித்துவிடுவார்கள். அப்புறம் அறுபத்தொரு பேரும் மறுபடி அம்மாவைத்தான் ரேஷன் கடையில் பிடிப்பார்கள். அப்பாவை யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த ஊரில் ஆம்பிளை வாங்குவான், பொம்பிளை முக்காடு போட்டுக்கொள்வாள். இது என்ன நியாயம் என்று எந்தப் பஞ்சாயத்தில் கேட்பது?

கணக்கில் இருக்கும் பணம் என் பேரில் இருக்கிறது. குட்டியானைக்குப் போவதற்கு முன்னால் அது போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

நாளைக்குச் சுதந்திர தினம், வங்கி விடுமுறை. அதனால் இன்றைக்கே போய் நான்கு லட்சத்து முப்பத்தோராயிரத்தை எடுத்துவிட்டேன். எதற்கு இவ்வளவு பணம் என்று மேனேஜர் கேட்டார். அப்பா கடனை அடைக்க என்றேன். நல்ல பிள்ளை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே தையல்நாயகி அத்தை வீடு. பட்டியலில் முதல் நட்சத்திரம், பன்னிரண்டாயிரம். பாதி வழியில் பார்த்தால் பின்னால் அம்மா வந்துகொண்டிருக்கிறாள். எப்படித் தெரிந்ததோ.

அத்தை சந்தோஷமாகத்தான் வாசலுக்கு வந்தது. நான் பணத்தை நீட்டினேன். "இது எங்க அப்பா வாங்குன மொய். பன்னெண்டாயிரம், சரியா இருக்கு. என் பேருல எழுதுனத அடிச்சுட்டேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

அத்தை எண்ணிப் பார்த்தது. இரண்டாம் தடவையும் எண்ணியது. முகம் மாறிவிட்டது.

"மேல ஒண்ணும் இல்லையே மருமவளே. வீடு தேடி வந்து, கணக்கா வச்சா என்ன அர்த்தம்னு தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் வச்சிருக்கேன்."

"கோவிந்தராசு உறவு வேணாங்குறியா?"

"அவரு கணக்கு முடிஞ்சுதுங்குறேன்."

அப்போது அம்மா என்னைத் தாண்டி முன்னால் போனாள். ரவிக்கைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்தாள். பால் ஊற்றிச் சேர்த்த காசு அதில் இருக்கும். ஒரு நூறு ரூபாயை உருவி அத்தை கையில் வைத்தாள்.

"இது என்னோடது. இந்திராணின்னு எழுதிக்குங்க. இன்னார் சம்சாரம்னு எழுதவேணாம், இந்திராணின்னு மட்டும் எழுதுங்க. இனிமே குடுக்கல் வாங்கல் நடமொற எனக்கும் ஒங்களுக்குந்தான்."

நான் இதை நினைத்தே பார்க்கவில்லை. நான் முடித்துக்கொண்டு போகத்தான் வந்தேன். அத்தை அந்த நூறு ரூபாயையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் உள்ளே போய் மொய் நோட்டை எடுத்து வந்து அம்மா கண் முன்னாலேயே எழுதியது. எழுதி முடித்து, "உக்காரு இந்திராணி, காப்பி போடுறேன்" என்றது.

அம்மா உட்கார்ந்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்த அந்தக் காப்பியைச் சொட்டு விடாமல் குடித்தாள்.

இன்றைக்கு ஒன்பது வீடு முடிந்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இதுவரை முப்பத்தெட்டு வீடு. கால் வீங்கிவிட்டது. சில வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருவர் பணத்தை வாங்கவே மாட்டேன் என்றார், என் கடனாகவே இருக்கட்டும் என்றார். சம்பளக்காரியை விட மனசில்லை. எல்லா வீட்டிலும் அம்மா நூறு ரூபாய் வைத்தாள். இரண்டே இரண்டு வீட்டில் அதை வாங்க மறுத்துவிட்டார்கள், பொம்பிளை பேரில் தனியாக எழுதுவது வழக்கமில்லையாம். அம்மா அங்கேயே நின்றாள். வாங்கும்வரை நகரவில்லை.

நேற்றே அவள் பர்ஸ் காலி. "கடனாக் குடுடி, திருப்பிடுவேன்" என்று என்னிடம் வாங்கிக்கொள்கிறாள். எத்தனை நூறு என்று விரல்விட்டு எண்ணி வைத்துக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 17, சனி

அறுபத்தொன்றும் முடிந்தது. மறுத்தவரும் கடைசியில் வாங்கிக்கொண்டார், அம்மாவுக்குப் பயந்து. கையெழுத்துப் போட்ட பட்டியலை பர்வீனிடம் கொடுத்து என் கணக்கிலிருந்து நட்சத்திரங்களை நீக்கச் சொன்னேன். அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "போடி, பட்டாளத்துக்குப் போயி கேன்டீன்ல எதாச்சும் வாங்கிட்டு வா" என்றாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். டீக்கடையில் வைத்தே சொல்லியிருக்கிறார்கள். "கோவிந்தராசு கணக்கு அத்தன வீட்டுலயும் முடிஞ்சுபோச்சாமே" என்று.

நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆளு செத்து, வாரிசும் இல்லாமப் போனாத்தான் இப்புடிக் கணக்க முடிப்பாங்க. நான் செத்தா போயிட்டேன்? உசுரோட நிக்கிறேனே பாப்பா, செத்தா போயிட்டேன்?"

"அறுவத்தோரு பேருக்கும் ஒங்க கடன்தான் அடைஞ்சிருக்கு. ஒங்களுக்கு எதுல கொறச்சல்?"

"கடன் அடைஞ்சுது. ஊர்ல எனக்கு யாரு இருக்கா இனிமே?"

அம்மாவுக்கு ஆறு வருடம் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, நான் பார்க்காததுபோலப் போர்வையை மடித்தேன். எனக்கும் வந்தது. அதற்காக நான் செய்தது தப்பு என்று ஆகிவிடாது. அவர் ஒரே ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால், 'பாப்பா, தாங்க முடியல, உதவி பண்ணு' என்று கேட்டிருந்தால், நானே அந்த அறுபத்தொரு பேரையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருப்பேன். கேட்கவில்லையே. என் படத்தைப் போட்டு, பெருமை என்று சொல்லி, என்னைச் சிரிக்க வைத்து வாங்கினாரே.

அண்ணன் வண்டிக் கம்பெனிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னான். என் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

ரயிலில் எழுதுகிறேன். அப்பா பஸ் நிறுத்தம் வரை வந்தார். டிரங்குப் பெட்டியை அவரே ஏற்றினார். பஸ் கிளம்பும்போது ஜன்னலில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் திணித்தார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

முடியைக் குட்டையாக வெட்டிவிட்டார்கள். நாலரைக்கு விசில். படிவங்களுக்கு முடிவே இல்லை. வாரிசுதாரர்: கோ. இந்திராணி, தாய். பக்கத்துக் கட்டில் ஒடிசாப் பெண் தன் சம்பள அட்டையை மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு ஒடியா, எனக்குத் தமிழ். இருந்தாலும் அவளைத் திட்டினேன். புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் தருகிறார்கள். வரிசையில் நின்று அம்மாவுக்குப் போட்டேன். எடுத்ததும் சாப்பிட்டியா, தூங்கினியா எதுவும் கேட்கவில்லை.

"பத்திரிக வந்துருக்குடி. தையல்நாயகி வீட்டுல காதுகுத்து. வெளியில 'இந்திராணி, செங்கோலன்விடுதி'ன்னு எழுதிருக்கு. அவ்வளவுதான், வேற பேரே இல்ல."

"அப்பா பாத்தாரா?"

"பாத்தாரு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சாரு. முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் திருப்பிப் பாத்தாரு. அப்பறம் எடுத்த எடத்துலயே வச்சுட்டுப் போயிட்டாரு."

"ஒண்ணும் சொல்லலையா?"

"அன்னிக்குச் சொல்லல. நேத்து நான் சேலைய மடிச்சுக்கிட்டு இருக்கறப்ப வந்து பின்னால நின்னாரு. நானும் என்னன்னு கேக்கல. அப்பறம் அவராவே, 'நானும் கூட வரட்டுமா இந்திராணி'ன்னாரு."

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏ, இந்தா, இவளே, இவ்வளவுதான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண் என் தோளைத் தட்டினாள், நேரமாகிவிட்டதாம்.

"நீ என்னம்மா சொன்ன?" என்று கத்தினேன்.

"யோசிச்சுச் சொல்றேன்னுருக்கேன்."